க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகமும் அதைச் சுற்றியுள்ள காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்தில் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதல் வாரம் ஆம்ஸ்டர்டாம் படகு, காற்றாலை, துலிப் தோட்டம் என்று ஓடிவிடும். இரண்டாவது வாரம் "வேற என்ன இருக்கு?" என்று குழுவில் கேள்வி வரும். "காட்டுக்குள்ள வான்கோ மியூசியம் ஒண்ணு இருக்கு" என்று யாராவது பதில் போடுவார்கள். அதன்பின் வரும் சந்தேகங்கள் வருஷா வருஷம் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இது மியூசியமா, காடா? ஒரே இடமா, ரெண்டு இடமா?"

இரண்டும்தான். ஹோகே வெலுவே என்பது சுமார் 5,400 ஹெக்டேர் பரப்புள்ள தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் மனதில் வரவேண்டாம். பைன் காடு, புதர்வெளி, மணல்மேடு எல்லாம் சேர்ந்த, வேலி போட்ட பெரிய நிலம். அதன் நடுவில் க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகத்தை ஒட்டியே 25 ஹெக்டேரில் ஒரு சிற்பத் தோட்டம்.

நிர்வாகம் தனித்தனி. ஆனால் பூங்காவுக்குள் நுழையாமல் அருங்காட்சியகத்துக்குப் போக வழி கிடையாது. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

"எங்க இருக்கு? கார் இல்லாம போக முடியுமா?"

கெல்டர்லாண்ட் மாநிலத்தில், ஆர்னெம், ஏடே, அப்பல்டோர்ன் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒட்டர்லோ என்ற சின்னக் கிராமம்தான் பக்கத்து ஊர்.

கார் இல்லாமலும் தாராளமாகப் போகலாம். ஏடே-வாகனிங்கன் அல்லது அப்பல்டோர்ன் வரை ரயில், அங்கிருந்து பஸ். வழியில் ஒருமுறை பஸ் மாற வேண்டியிருக்கலாம். பஸ் எண்ணும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் அன்று காலையில் 9292 என்ற பஸ்-ரயில் நேரம் காட்டும் செயலியில் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. திரும்பும் பஸ்ஸின் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

"டிக்கெட் ஒண்ணா, ரெண்டா? மியூசியம்கார்ட் இருந்தா எல்லாமே ஃப்ரீதானே?"

டிக்கெட் இரண்டு. பூங்காவுக்கு ஒன்று, அருங்காட்சியகத்துக்கு ஒன்று. மியூசியம்கார்ட், அதாவது நாட்டின் பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து வாங்கும் ஆண்டு அட்டை, அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் செல்லும், பூங்கா வாசலில் அதைக் காட்டிப் பயனில்லை. வாசலில் நின்று வாதாடும் ஒரு குடும்பத்தையாவது ஒவ்வொரு முறையும் பார்க்கலாம்.

காரை உள்ளே கொண்டுபோனால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. எல்லாவற்றையும் இணையத்திலேயே சேர்த்து வாங்கிவிட்டால் வாசலில் தொல்லை இல்லை. சிற்பத் தோட்டம் அருங்காட்சியக டிக்கெட்டிலேயே அடங்கிவிடும்.

"தேசியப் பூங்கான்னா அரசாங்கத்தோடது. காட்டுல நடக்க எதுக்குக் காசு?"

நெதர்லாந்தின் மற்ற தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் திறந்தே கிடப்பவை, கேட் இல்லாதவை. அதனால் நியாயமான கேள்விதான். ஹோகே வெலுவே அரசாங்கச் சொத்து அல்ல. 1935-இல் அமைக்கப்பட்ட ஒரு தனி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. வேலி, காட்டுப் பராமரிப்பு, சைக்கிள் பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளுக்கு முக்கிய வருமானம் இந்த நுழைவுச்சீட்டுதான்.

அருங்காட்சியகத்தின் கதை வேறு. அதில் உள்ள மூலச் சேகரிப்பு டச்சு அரசுக்குச் சொந்தம். தனியார் காட்டுக்கு நடுவில் அரசாங்கத்தின் ஓவியங்கள். ஏன் இப்படி ஆனது என்பது கீழே குடும்பக் கதையில் வரும்.

"வெள்ளை சைக்கிள் நிஜமாவே ஃப்ரீயா? பூட்டே இல்லையாமே, யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

நிஜமாகவே இலவசம். சுமார் 1,800 வெள்ளை சைக்கிள்கள். பூங்கா வாசல்களிலும் உள்ளே முக்கியமான இடங்களிலும் வரிசையாக நிற்கும். பெயர் எழுத வேண்டாம், முன்பணம் வேண்டாம். பிடித்ததை எடுத்து ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். 1970-களின் நடுவில் ஆரம்பித்த ஏற்பாடு. அதற்குப் பத்து வருஷம் முன்பு ஆம்ஸ்டர்டாமில் சில இளைஞர்கள் நகரம் முழுக்கப் பொதுச் சைக்கிள் விட ஆசைப்பட்டு, அதுவும் வெள்ளை நிறத்தில், முயன்றார்கள். அங்கே அது நிலைக்கவில்லை. இங்கே வேலி இருப்பதால் நிலைத்துவிட்டது.

பூட்டு இல்லாததால் ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நீங்கள் நிறுத்திவிட்டுப் போன சைக்கிளை வேறொருவர் எடுத்துப் போகலாம். அது திருட்டு இல்லை, அதுதான் ஏற்பாடு. நீங்கள் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் சைக்கிளில் பையை விட்டுப் போகாதீர்கள். தன் சைக்கிளை அடையாளம் வைக்கக் கைப்பிடியில் துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் போனவரைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது சைக்கிள் இல்லை, துப்பட்டா மட்டும் பக்கத்துக் கம்பியில் மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது.

இன்னொன்று முக்கியம். இந்தச் சைக்கிள்களில் கைப்பிடி பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். நம் ஊர் சைக்கிளில் பழகியவர்களுக்கு முதல் ஐந்து நிமிஷம் விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். வாசலிலேயே இரண்டு சுற்று ஓட்டிப் பழகிவிட்டு இறங்குங்கள். குழந்தைகளுக்குச் சின்ன சைக்கிள், பின்னால் குழந்தை இருக்கை வைத்த சைக்கிள் எல்லாம் உண்டு. ஆனால் விடுமுறை நாள்களில் பதினோரு மணிக்குமேல் வந்தால் நல்ல உயரத்தில் கிடைப்பது சந்தேகம்.

"அம்மாவுக்கு முட்டி வலி, அப்பா சைக்கிள் விட்டு முப்பது வருஷம் ஆச்சு. அப்போ எங்களுக்கு இது சரிவராதா?"

சரிவரும். காரில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே போய் இறங்கலாம். பஸ்ஸும் உள்ளே வருகிறது. அருங்காட்சியகம் பெரும்பாலும் ஒரே தளம், ஏறி இறங்கும் வேலை குறைவு. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சிற்பத் தோட்டத்தில் பாதை நன்றாக இருந்தாலும் சில இடங்களில் மேடு உண்டு. பெரியவர்களை முழுத் தோட்டமும் நடக்கவைக்க வேண்டாம். குளம் வரை போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தால் போதும், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது.

"மூணு வாசல் காட்டுதே மேப்ல, எதுல நுழையறது?"

ஒட்டர்லோ வாசல் அருங்காட்சியகத்துக்கு மிகப் பக்கம், மூன்று கிலோமீட்டருக்குள். ஹூண்டர்லோ வாசல் கொஞ்சம் கூட. ஸ்காஸ்பெர்கன் வாசல் ஆர்னெம் பக்கம், அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு ஒட்டர்லோ.

நன்றாகச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஸ்காஸ்பெர்கன் என்று சொல்வேன். காடு, வெட்டவெளி, மணல், மறுபடி காடு என்று எல்லாவற்றையும் தாண்டி வந்து ஓவியத்தின் முன் நிற்பது வேறு மாதிரி இருக்கும். இந்த இடத்தை உண்டாக்கியவர்கள் நினைத்ததும் அதுதான். படம் பார்க்க வருபவர் முதலில் மரத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று.

"ஆம்ஸ்டர்டாம்ல வான்கோ மியூசியம் பாத்தாச்சு. இங்கயும் அதே படங்கள்தானே?"

ஒரு படம்கூட அதே படம் இல்லை. வான்கோவின் எண்ணெய் ஓவியங்கள் இங்கே கிட்டத்தட்ட 90, கோட்டோவியங்கள் 180-க்கும் மேல். உலகத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய தொகுப்பு இதுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டிவைக்க மாட்டார்கள். சில படங்கள் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கும். குறிப்பிட்ட ஒரு படத்துக்காகவே வருகிறீர்கள் என்றால் முன்பே இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய வித்தியாசம் கூட்டத்தில். ஆம்ஸ்டர்டாமில் தோள்களுக்கு நடுவில் எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே சாதாரண வார நாளில் ஒரு படத்துக்கு முன்னால் தனியாகப் பத்து நிமிஷம் நிற்கலாம். எனக்கு இதற்காகவே இந்த இடம் ஒரு படி மேல்.

வான்கோ மட்டும் இல்லை. ஸூரா புள்ளி புள்ளியாக வரைந்த நடன மேடைப் படம், மாண்ட்ரியான், பிக்காசோ, ஓடிலோன் ரெடோன் வரைந்த ஒற்றைக்கண் அரக்கன் எல்லாம் இங்கே உண்டு. அந்த அரக்கன் மலைக்குப் பின்னாலிருந்து, தூங்கும் பெண்ணை எட்டிப் பார்க்கிறான். பயங்கரமாக இருக்க வேண்டிய முகத்தில் வெட்கம்தான் தெரிகிறது. குழந்தைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

"ஸ்டாரி நைட் இருக்கா? சூரியகாந்தி இருக்கா?"

வான்கோவின் ஸ்டாரி நைட் ஓவியம் நியூயார்க்கில் இருக்கிறது. ஜாடியில் வைத்த சூரியகாந்தியைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம், லண்டன், மியூனிக் போகவேண்டும்.

ஆனால் இங்கே வேறொரு சூரியகாந்திப் படம் உண்டு. 1887-இல் பாரிஸில் வரைந்தது. ஜாடி இல்லை. விதை முற்றி வாடிப்போன நான்கு பூக்கள் நீலப் பின்னணியில் சும்மா கிடக்கின்றன. அகலமான பெரிய படம். காய்ந்த இதழ்கள் நெருப்பு நாக்குகள் மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு பூ நமக்கு முதுகைக் காட்டிக் கிடக்கிறது, வெட்டிய தண்டு தெரியும். ஜாடிப் படத்தைவிட எனக்கு இது பிடிக்கும். வீட்டுச் சுவரில் மாட்டக் கொஞ்சம் யோசிக்கவைக்கிற படம் என்பதால்தானோ என்னவோ, குவளையிலும் பையிலும் இதை அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை.

"அந்த கஃபே படம் இங்கதானாமே? நேர்ல பாத்தா என்ன வித்தியாசம்?"

ஆமாம், இங்கேதான். 1888 செப்டம்பரில் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் வான்கோ வரைந்தது. இரவு, தெருவோர கஃபே, மஞ்சள் விளக்கு, மேலே நட்சத்திரங்கள். கறுப்பே சேர்க்காமல் ராத்திரியை வரைந்திருக்கிறேன் என்று தங்கைக்கு எழுதிய கடிதத்தில் வான்கோ சொன்னார்.

நேரில் போனால் முதலில் தரையைப் பாருங்கள். போனில் பார்க்கும்போது ஏதோ சாம்பல் நிறக் கல்தரை போலத் தெரியும். நேரில் அது ஊதா, இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் என்று துண்டு துண்டாகத் தீட்டியிருக்கிறது. கூரையின் மஞ்சள் வெளிச்சம் வழிந்து தரை முழுக்கச் சிதறியிருப்பது அப்போதுதான் புரியும். அப்புறம் வலதுபக்கம் இருட்டான தெரு. அங்கே சில வீட்டு ஜன்னல்களில் மட்டும் சின்ன மஞ்சள் கட்டங்கள். மக்கள் எல்லோரும் இடதுபக்க வெளிச்சத்தையே படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். படத்தின் பாதி அந்த இருட்டில்தான் இருக்கிறது.

அதே சேகரிப்பில் 1890 மே மாதம் வரைந்த கிழவர் படமும் உண்டு. நீல உடை, நாற்காலி, இரண்டு முஷ்டிகளில் முகம் புதைந்திருக்கும். வான்கோ இறந்தது அதே வருஷம் ஜூலையில். இரண்டும் மாட்டியிருந்தால், கஃபேயைப் பார்த்த கையோடு இதையும் பாருங்கள்.

"யார் இந்த க்ரோலர்-ம்யூலர்? ஒருத்தரா, ரெண்டு பேரா?"

கணவன் மனைவி. ஆண்டன் க்ரோலர் டச்சுக்காரர். ஹெலன் ம்யூலர் 1869-இல் ஜெர்மனியில், எஸ்ஸன் பக்கத்தில் பிறந்தவர். ஹெலனின் அப்பாவுக்குக் கப்பல், சுரங்கத்தாது வியாபாரம். மாமனார் இறந்ததும் ஆண்டன் இளவயதிலேயே கம்பெனியைக் கையில் எடுத்துப் பெரிதாக வளர்த்தார்.

ஹெலனுக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் ஓவியத்தில் நாட்டம் வந்தது. ப்ரெம்மர் என்ற கலை ஆசிரியரிடம் பாடம் கேட்கப் போனார். பிறகு அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டு 1907-லிருந்து வாங்கத் தொடங்கினார். அப்போது வான்கோ இன்று போல் எட்டாத விலை இல்லை. 1911-இல் ஒரு பெரிய அறுவைசிகிச்சை. அதில் பிழைத்தால் எல்லோரும் வந்து பார்க்க ஒரு அருங்காட்சியகம் கட்டுவேன் என்று தீர்மானித்தார்.

ஆண்டனுக்கு வேட்டை ஆசை. 1909 முதல் இந்தப் பக்கத்து நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கி, வேலி போட்டு, மான்களைக் கொண்டுவந்து விட்டார். முஃப்ளோன் என்ற காட்டு ஆடுகளை மத்தியதரைக் கடல் தீவுப் பக்கத்திலிருந்து இறக்கினார். கங்காருகூட விட்டுப் பார்த்தாராம், அது மட்டும் நிலைக்கவில்லை. அவளுக்குப் படம், அவருக்குக் காடு. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்ததுதான் இவர்களுடைய யோசனை.

"அவ்வளவு பணம் இருந்தவங்க ஏன் எல்லாத்தையும் அரசாங்கத்துக்குக் கொடுத்தாங்க?"

தாராள மனசு பாதி, கஷ்டம் பாதி. முதல் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை வகித்தது. அந்த நேரத்தில் தானியமும் தாதுவும் கப்பலேற்றிக் கம்பெனி கொழுத்த லாபம் பார்த்தது. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். 1920-களில் கடன், பிறகு 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சி. கடன்காரர்கள் வந்தால் படங்கள் ஏலத்துக்குப் போய்ச் சிதறிவிடும் என்ற பயம் ஹெலனுக்கு. அதனால்தான் முதலில் ஒரு அறக்கட்டளை, பிறகு 1935-இல் சேகரிப்பு முழுவதும் அரசுக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று, அருங்காட்சியகம் கட்டித்தர வேண்டும். நிலம் அரசுக் கடனுதவியோடு தனி அறக்கட்டளைக்குப் போனது. மேலே டிக்கெட் கேள்வியில் சொன்ன இரட்டை நிர்வாகத்தின் வேர் இதுதான்.

1938 ஜூலையில் அருங்காட்சியகம் திறந்தது. ஹெலன்தான் முதல் இயக்குநர். அடுத்த வருஷம் டிசம்பரில் இறந்துபோனார். ஆண்டன் 1941-இல். இருவருடைய கல்லறையும் பூங்காவுக்குள்ளேயே, அருங்காட்சியகத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்கிறது.

போர்க்கால லாபத்தில் வாங்கிய படங்கள் என்பதைத் துண்டுப் பிரசுரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி.

"இவ்வளவு பேர் வாங்கின மியூசியம், கட்டடம் ஏன் இப்படித் தட்டையா இருக்கு?"

இது தற்காலிகக் கட்டடமாகத் திட்டமிடப்பட்டது! பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹென்றி வான் டி வெல்டே முதலில் பிரமாண்டமான ஒரு மாளிகையை வரைந்தார். மேலே சொன்ன கல்லறை மேட்டின் அடிவாரத்தில் 1921-இல் வேலையும் தொடங்கியது. அடுத்த வருஷமே பணமுடை, வேலை நின்றது. பல வருஷம் கழித்து, பெரியது கட்டும்வரை இருக்கட்டும் என்று அவரே வரைந்துகொடுத்த சிறிய கட்டடம்தான் இன்றும் நிற்பது. பெரியது வரவே இல்லை.

எனக்கு அதில் வருத்தமில்லை. செங்கல் சுவர், கூரை வழியாக மட்டும் இறங்கும் வெளிச்சம், நேராக ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். படங்களோடு போட்டி போடாத கட்டடம். 1970-களில் விம் க்விஸ்ட் சேர்த்த புதிய பகுதி இதற்கு நேர்மாறு, கண்ணாடிச் சுவர் வழியாகக் காடு உள்ளே எட்டிப் பார்க்கும்.

"அங்க படம் திருடு போச்சுன்னு கேள்விப்பட்டேனே?"

1988 டிசம்பரில் மூன்று வான்கோ படங்கள் போயின. மேலே சொன்ன வாடிய சூரியகாந்தி, ஒரு நெசவாளர் படம், "உருளைக்கிழங்கு உண்பவர்கள்" ஓவியத்தின் முந்தைய வடிவம். அடுத்த வருஷத்துக்குள் மூன்றும் திரும்பிவிட்டன. ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் மற்ற இரண்டு.

"வெளியில இருக்கற சிற்பங்கள்ல குழந்தைங்க ஏறலாமா?"

பொதுவாக ஏறவும் கூடாது, தொடவும் கூடாது. ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு, ஜான் துபுஃபேயின் "பற்பூச்சுத் தோட்டம்" என்று நாங்கள் கேலியாகச் சொல்லும் வெள்ளை மேடை, 1974-இல் கட்டியது. உண்மையில் எனாமல் தோட்டம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை மதில் சுவர். உள்ளே படியேறி வந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு வெள்ளைத் தரை, அதன்மேல் கறுப்புக் கோடுகள் தாறுமாறாக ஓடும். பிள்ளைகள் அங்கே ஓடலாம். மழைக்குப் பின் வழுக்கும் என்பதால் சில நாள் மூடிவைப்பார்கள்.

தோட்டம் 1961-இல் திறந்தது, சிற்பங்கள் 160-க்கும் மேல். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். குளத்தில் மிதக்கும் மார்தா பானின் வெள்ளைச் சிற்பத்துக்கு நேரம் கொடுங்கள். காற்று மாறும்போது அதுவும் மெல்லத் திரும்பும், அதற்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் குளத்துக்கென்றே செய்தது. ஓல்டன்பர்க் என்ற சிற்பி மண்ணில் குத்தி நிறுத்திய நீலக் கரண்டி, தோட்டவேலைக் கரண்டிதான், மரத்தோடு போட்டிபோடும் உயரத்தில் நிற்கிறது. குழந்தைகள் சிரிக்காமல் தாண்டுவதில்லை.

கென்னத் ஸ்னெல்சனின் ஊசிக் கோபுரம் 30 மீட்டர். அலுமினியக் குழாய்களும் எஃகுக் கம்பிகளும் மட்டும். உற்றுப் பாருங்கள், ஒரு குழாய்கூட இன்னொன்றைத் தொடவில்லை. கம்பிகளின் இழுப்பில்தான் மொத்தமும் நிற்கிறது. அடியில் போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஆறுமுனை நட்சத்திரங்களாகத் தெரியும். பொறியியல் படித்த அண்ணன்மார்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

தோட்டம் அருங்காட்சியகத்துக்குக் கொஞ்சம் முன்பே மூடிவிடும். அதனால் முதலில் தோட்டம், பிறகு படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஹாலந்துல பாலைவனம் இருக்குன்னு ஃபோட்டோ போடறாங்களே, அது இதானா?"

இதுதான், ஆனால் பாலைவனம் இல்லை. பனியுகத்துக் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் அடியில் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்த்தும், வயலுக்கு உரம் சேர்க்க மேல்மண்ணைப் புல்லோடு வெட்டி எடுத்தும் தரையை மொட்டையாக்கினார்கள். மணல் எழுந்து ஊருக்குள் வீசத் தொடங்கியது. அதைக் கட்டுப்படுத்தத்தான் பைன் மரங்களை வரிசையாக நட்டார்கள். இன்று நிலைமை தலைகீழ், மணல்வெளி மூடிவிடாமல் இருக்க மரக்கன்றுகளைப் பிடுங்குகிறார்கள்.

அந்த வெளியில் ஒரு கல் மனிதர் நிற்பார். தென்னாப்பிரிக்க போயர் போரின் தளபதி டி வெட். ஹெலன் செய்யவைத்த சிலை. இந்தக் காட்டுக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் எதுவும் இல்லை.

"மான் பாக்கலாமா? ஓநாய் இருக்காமே, பயமில்லையா?"

பகலில் சைக்கிளில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனால் மான் தெரியாது. காலையில் வாசல் திறந்ததும், அல்லது பொழுது சாயும்போது, இதற்கென்றே அமைத்த மறைவிடங்களில் பேசாமல் உட்கார்ந்தால் வாய்ப்பு அதிகம். செப்டம்பர் நடுவிலிருந்து செம்மான்களின் இணைசேரும் காலம். ஆண்மான் கத்துவது நம் ஊர் எருமை அடித்தொண்டையில் கத்துவது போல இருக்கும், அழகு எதுவும் கிடையாது. ஆனால் கேட்டால் மறக்காது.

ஓநாய் இருப்பது உண்மை. வேலியைத் தாண்டி வந்துவிட்டன. ஆண்டன் கொண்டுவந்த முஃப்ளோன் ஆடுகளில் பெரும்பகுதியை அவை தின்றுவிட்டன. ஓநாயை வரவேற்பதா விரட்டுவதா என்று நாடு முழுக்கச் சண்டை நடக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது: பாதையை விட்டு விலகாதீர்கள், சின்னக் குழந்தைகளை முன்னால் தனியாக ஓடவிடாதீர்கள், எதற்கும் உணவு போடாதீர்கள். எதிரில் பார்த்தால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். வாசலில் அன்றைய அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு நுழையுங்கள்.

"எந்த மாசம் போனா நல்லது?"

ஹெதர் செடிகள் பூத்து வெளி முழுக்க ஊதாவாக இருப்பது ஆகஸ்ட் இரண்டாம் பாதி. மான்களுக்கு செப்டம்பர் கடைசி. படங்களுக்கு எந்த மாதமும் ஒன்றுதான், ஜனவரியில் கூட்டமே இருக்காது. அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. பூங்கா தினமும் திறந்திருக்கும் என்பதால் பலர் திங்கள்கிழமை வந்து ஏமாறுகிறார்கள்.

"புளிசாதம் கட்டிக்கிட்டுப் போகலாமா?"

பூங்காவில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். அருங்காட்சியகத்துக்குள் கூடாது, பெரிய பையையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். அடுப்பு, நெருப்பு எதுவும் காட்டுக்குள் கூடாது. கோடையில் காய்ந்த பைன் ஊசிகள் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். கஃபேயில் சைவம் என்றால் பெரும்பாலும் சூப்பும் சீஸ் ரொட்டியும்தான். புளிசாதமே மேல்.

"வேட்டை மாளிகைன்னு ஒண்ணு இருக்கே, அதையும் அதே நாள்ல பாக்க முடியுமா?"

முடியும், அவசரப்பட்டால். சின்ட் ஹுபர்டஸ் மாளிகை பெர்லாகெ என்ற புகழ்பெற்ற டச்சுக் கட்டடக் கலைஞர் க்ரோலர் தம்பதிக்காக வடிவமைத்தது, 1920-இல் முடிந்தது. தரைப்படம் மான்கொம்பு வடிவம். கொம்புகளுக்கு நடுவில் சிலுவை தாங்கிய மானைக் கண்டு மனம் மாறிய வேட்டைக்காரத் துறவியின் கதையை வைத்துக் கட்டியது. விளக்கு, நாற்காலி வரை பெர்லாகெயே வரைந்தார். உள்ளே வழிகாட்டியோடு மட்டும்தான் போகமுடியும், அதற்குத் தனிச் சீட்டு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். வெளியிலிருந்து, குளத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பது இலவசம்.

"மூணு மணி நேரம்தான் இருக்கு. வான்கோ மட்டும் பாத்துட்டு வந்துடலாமா?"

வரலாம். ஆனால் அதற்கு ஆம்ஸ்டர்டாமே போதும், பூங்காக் கட்டணமாவது மிச்சம். மூன்று மணி நேரம்தான் என்றால் நான் படங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு மீதியைச் சைக்கிளுக்கும் தோட்டத்துக்கும் கொடுப்பேன்.

"மழை வந்தா என்ன பண்றது?"

நெதர்லாந்தில் "வந்தால்" என்று கேட்கக்கூடாது. குடை சைக்கிளில் உதவாது, ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பார்க் பெவிலியன் இருக்கிறது, சாப்பாடு கிடைக்கும். அங்கேயே மியூசோண்டர் என்ற நிலத்தடி அருங்காட்சியகம் உண்டு. மரவேர்களும் மண் அடுக்குகளும் அடியிலிருந்து எப்படித் தெரியும் என்று காட்டுகிறார்கள், பூங்காச் சீட்டிலேயே பார்க்கலாம். கிளம்பும்போது வெள்ளைச் சைக்கிளை வாசல் ஸ்டாண்டில் விட்டுவிடுங்கள், வேலிக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. பூங்கா மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். குளிர்காலத்தில் மாலையிலேயே மூடிவிடுவார்கள், பாதையில் தெருவிளக்கும் கிடையாது. நாலு மணிக்கெல்லாம் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள்.